பியானோ டீச்சருக்கு ஜாமீன்

எனக்குக் கோபம் வராது என்று யாராவது சொன்னால், அவர் என்னைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். பேனா எழுதாவிட்டால் கோபம், எழுதிக் கையில் கசிந்தால் அதற்கும் கோபம். "உங்களுக்குக் கோபம் மூக்கு நுனியில இல்லங்க, மூக்கையே வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கு" என்பாள் என் மனைவி. ஆனால் அன்று காலை எனக்கு வந்தது நியாயமான கோபம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை.

நான் ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். சின்னது என்றால், கீழே இரண்டு அறை. முன்னறை ஆபீஸ், பின்னறை குடோன். மேலே வீடு. முதலாளியும் நான்தான், பார்சலுக்கு டேப் ஒட்டுகிறவனும் நான்தான். எனக்கு எழுதித் தரும் ஒரே எழுத்தாளர் என் மனைவி. எழுதுவது துப்பறியும் நாவல். துப்பறிபவர் ஒரு பல் டாக்டரம்மா. சந்தேகப்படுகிறவர்களை ஒவ்வொருவராக நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லுவார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எவனாலும் பொய் சொல்ல முடியாது என்பது அவருடைய கட்சி. ஒரு காலத்தில் இந்த அம்மாவுக்காகக் கடை வாசலில் ஆட்கள் காத்து நின்றதுண்டு.

கடைசியாக வந்த நாவல்கள் பண்டல் பண்டலாகக் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. புதிதாக வந்த 'ஏழாவது மாடியில் ஈரச் செருப்பு' நாவலைக் கடைக்காரர்கள் வாங்கி அடுக்கவே யோசித்தார்கள். ஒரு மத்தியானம் குடோன் வாசலில் நின்று அந்தக் கட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள் என் மனைவி. "இதோட போதுங்க. யாருமே படிக்காத கதைய யாருக்காக எழுதணும்?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். கதைக்குத் தகவல் கேட்க எந்தப் பல் டாக்டரிடம் போவாளோ, அவருடைய ஆஸ்பத்திரியிலேயே முன்மேசை வேலையைக் கேட்டு வாங்கிவிட்டாள். ஒன்றாம் தேதி சேர வேண்டும். எழுதுகிற மேசையைத் துடைத்துத் தையல் மிஷினைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டாள்.

அந்தத் தையல் மிஷின் பக்கம் நான் திரும்புவதே இல்லை. அவள் எழுதாவிட்டால் என் தொழில் படுத்துவிடும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கதை ஓடுகிற நாட்களில், துணி காயப்போடும்போதுகூடத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள். யாரையோ கொல்ல வழி கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரியும். அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இனி பைண்டருக்கு வருகிறேன். அடுத்த தெருவில் இருக்கிறான், எங்கள் புத்தகங்களையெல்லாம் தைப்பவன் அவன்தான். அன்று காலை தள்ளுவண்டியில் கடைசிக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினான். முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"அண்ணே, அக்கா கதை பிரமாதம்ணே! லிஃப்டுக்குள்ள வச்சே வாயத் திறக்கச் சொல்றாங்க பாருங்க, எனக்கு வேர்த்துப் போச்சு. கடைசியில பியானோ டீச்சர்தான்னு நான் கனவுலகூட நினைக்கல."

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "எப்பப்பா படிச்சே? தைக்கும்போதா?"

"தைக்கும்போது படிக்க ஏதுண்ணே நேரம்? ஃபோன்ல வந்துச்சு."

"ஃபோன்லயா?"

"துப்பறியும் கதை குரூப்புல போட்டிருக்காங்க. எல்லாரும் மாத்தி மாத்தி அனுப்பிக்கிட்டிருக்காங்க. உங்களுக்கு வரலையா? இருங்க, தட்டி விடுறேன்."

என் மனைவி எழுதி, நான் அச்சடித்து, இவன் கையால் தைத்த புத்தகத்தை எனக்கே ஓசியில் அனுப்புகிறான்! வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து முழு நாவலும் இருந்தது. அந்தக் குரூப்பில் பதினோராயிரம் பேர். எங்கள் குடோனில் தூங்குகிற புத்தகங்களைப்போலப் பல மடங்கு. கோபம் வந்தால் அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் எனக்கு மறந்துவிடும். பைண்டர் பியானோ டீச்சரைப் பற்றிச் சொன்னது நினைவில் நிற்கவே இல்லை. நின்றிருந்தால் அப்போதே விஷயம் முடிந்திருக்கும்.

மனைவி மாடியில் இருந்தாள். இது தெரிந்தால் அடுத்த மாதம்வரைகூடக் காத்திருக்காமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள் என்று பயந்தேன். சத்தம் போடாமல் உட்கார்ந்து பதிப்பகத்தின் பக்கத்தில் ஓர் அறிவிப்பு எழுதினேன். 'எங்கள் நாவலைத் திருடிப் பரப்பியவனை விடமாட்டேன். அவன் எந்தப் பொந்தில் ஒளிந்திருந்தாலும் இழுத்துவந்து கம்பி எண்ண வைப்பேன். படித்தவர்களும் கூட்டுக் களவாணிகளே.' படித்துப் பார்த்தேன், திருப்தியாக இருந்தது. கூட்டுக் களவாணி என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பதில்கள் வந்து கொட்டின. பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். 'சார், புத்தகம் எங்கே கிடைக்கும்? எங்கள் பக்கத்துக் கடையில் இல்லையே.' 'ஃபோனில் படிக்கக் காசு கொடுத்து வாங்க வழி இருக்கிறதா?' 'வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா?' நான் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து, 'திருடர்களோடு பேசுவதில்லை' என்று பதில் போட்டேன். காசை நீட்டிக்கொண்டு வந்தவர்களைக் கதவைச் சாத்தி விரட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

பிறகு மச்சானைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி, வக்கீல். அவனுக்கு நிதானம் அதிகம். கட்சிக்காரர் அழுதாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் கேட்பான். மறுநாள் காலை நோட்டீஸ் தயாரிக்க வந்தான்.

"கேஸ் போடுறதுன்னா ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும் அத்தான். அச்சுப் புத்தகம் ஒண்ணு கொடுங்க, ஃபோன்ல வந்ததையும் திறங்க. வரிக்கு வரி ஒண்ணுதான்னு நான் எழுதணும்."

பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனான். நான் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு, திருடனுக்கு என்னென்ன தண்டனை வாங்கித் தரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி அத்தியாயம் வந்ததும் நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அத்தான், கொஞ்சம் உக்காருங்க."

"எதுக்கு?"

"ஃபோன்ல இருக்கிற கதையில கொலைகாரி பியானோ டீச்சர்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஆரம்பத்தில் ஒரு நாவல் அச்சாகும் முன்பே, எங்களோடு இருக்கும் என் மாமியார் பஸ்ஸில் அத்தனை பேரிடமும் கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து என் மனைவி ஒவ்வொரு நாவலுக்கும் இரண்டு கடைசி அத்தியாயங்கள் எழுதுவாள். ஒன்று பொய், ஒன்று நிஜம். பொய் முடிவு வைத்த நாவலை 'வீட்டுப் பிரதி' என்று பெயரிட்டு எனக்கும், அவள் அம்மாவுக்கும், தம்பிக்கும் கோப்பாக அனுப்புவாள். நாங்கள் படித்துவிட்டு, அதில் சொன்ன ஆளை விட்டு வேறு யார் நிஜக் கொலையாளி என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். நிஜமான கடைசி அத்தியாயத்தை அவளே பக்கம் கோத்து நேராக அச்சகத்துக்கு அனுப்புவாள். பதிப்பாளன் என்று பேர், நானே அச்சான பிறகுதான் படிப்பேன். பெரும்பாலும் பாத்திரமும் நான்தான் கழுவுவேன்.

பியானோ டீச்சர் கொலைகாரியாக வருவது வீட்டுப் பிரதியில் மட்டும்தான். அது உலகத்திலேயே மூன்று பேரிடம் இருந்தது.

"நீயா?" என்றேன்.

"நான் வக்கீல், அத்தான்."

"அதனாலதான் கேக்குறேன்."

"நான் இல்ல. நீங்க இல்லேன்னு உங்க சத்தத்துலயே தெரியுது. மிச்சம் ஒரே ஆள்."

இருவரும் ஒரே நேரத்தில் மேலே கூரையைப் பார்த்தோம். மாடி பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

மாமியார் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பூங்காவில் நடக்கப் போவார். நடக்கிற கூட்டத்துக்கு ஒரு குரூப் வேறு. நாங்கள் போய் நின்றதும் பூவாளியைக் கீழே வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, திருடன் கிடைச்சானா? நேத்து உங்க அறிவிப்பப் படிச்சேன். நல்ல காரசாரம்."

"அத்தை, வீட்டுப் பிரதிய நீங்க யாருக்காவது அனுப்புனீங்களா?"

"அனுப்புனேனே! நம்ம நடை குரூப்புல ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருத்தர் இருக்காரு. பாவம், கண்ணு மங்கல். சின்ன எழுத்துல புத்தகம் படிக்க முடியல, ஃபோன்ல இருந்தா பெருசாக்கிப் படிப்பேன்னாரு. எம் மக எழுதினதாச்சேன்னு பெருமையா அனுப்பி வச்சேன். அவரு மருமகளுக்கு அனுப்பியிருப்பாரு. அவ யாருக்கு அனுப்புனாளோ."

திருட்டுச் சொத்தை முதலில் வாங்கியவர் ஒரு நீதிபதி! "அத்தை, அது திருட்டு!"

"அது எப்படித் திருட்டாகும்? கடைசி அத்தியாயம் பொய்தானே. பொய்யக் கொடுத்தா திருட்டா? நெசம் வேணும்னா புத்தகம் வாங்கட்டும்னுதான் நினைச்சேன்." சற்றே யோசித்தார். "அது பொய்னு அவங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன். அது ஒண்ணுதான் என் தப்பு."

"ஊருக்கே கொண்டுபோய்ச் சேத்துட்டீங்களே!"

"வந்ததக் கொண்டுபோய்ச் சேக்கிறதுதானே மாப்பிள்ளை என் உத்தியோகம்?"

மச்சான் திரும்பிக்கொண்டு சிரித்தான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. கம்பி எண்ண வைப்பேன் என்று ஊருக்கெல்லாம் முழங்கியாயிற்று. இப்போது மாமியாரைப் பிடித்துக் கொடுப்பதா? அவர் அதற்கும் தயாராக இருந்தார்.

"கேஸ் போடுங்க மாப்பிள்ளை, பரவால்ல. பேச்சுன்னா பேச்சா இருக்கணும். எம் புள்ளையே வக்கீல். ஜாமீன்ல எடுக்க எம் மக வருவா."

"யாரை ஜாமீன்ல எடுக்கணும்?" என்று ஒரு குரல் கேட்டது. வாசலில் என் மனைவி நின்றிருந்தாள்.

மறைக்க முயன்றேன். மாமியார் இருக்கிற வீட்டில் அது நடக்குமா? நான் ஒரு வாக்கியம் தொடங்குவதற்குள் அவர் முழுக் கதையையும் சொல்லி முடித்து, ஆதாரத்துக்குத் தம்முடைய டேப்லெட்டையும் நீட்டிவிட்டார். என் மனைவி அதை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குரூப்பில் வந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் படிக்கத் தொடங்கினாள். குனிந்த தலை நிமிரவில்லை. முடிந்தது கதை, இனி மேசைமேல் தையல் மிஷின் நிரந்தரம் என்று நினைத்தேன்.

"இதைக் கேளுங்க" என்றாள். "'டீச்சருக்கு மூட்டுவலி என்று மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. லிஃப்ட் ஓடாத நாளில் ஏழாவது மாடிக்கு எப்படி ஏறினார்?' அடேயப்பா, இதைக் கவனிச்சிருக்காங்களே!"

"சரிம்மா, ஆனா..."

"இருங்க. 'நான் டீச்சருக்காக அழுதுவிட்டேன்.' அழுதிருக்காங்க! இதைக் கேளுங்க, இதைக் கேளுங்க. 'முதல் நாவலிலிருந்து இவரைப் படிக்கிறேன். இவர் இப்படி முடிக்கவே மாட்டார். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.'" அவள் குரல் உடைந்தது. நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர், முகத்தில் அந்தச் சிரிப்பு. "என் பொய்யைக் கண்டுபிடிச்சிட்டாங்கங்க! யாரும் படிக்கலேன்னு நான் மூலையில உக்காந்திருந்தேன், இவங்க படிக்கட்டு படிக்கட்டா எண்ணிப் படிச்சிருக்காங்க!"

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கோபத்தை உடனே கீழே இறக்கி வைத்துப் பழக்கமில்லை. "படிச்சாங்க சரி. ஓசியிலதானே படிச்சாங்க? உன் ராப்பகல் உழைப்புக்கு என்ன மரியாதை? பதினோராயிரம் பேருக்கும் நோட்டீஸ் விட்டாதான் புத்தி வரும்."

"கேஸ் போட்டா ஜெயிப்போம் அத்தான்" என்றான் மச்சான். "சட்டம் நம்ம பக்கம்தான். ஆனா ஜெயிச்சு வெளிய வரும்போது நமக்கு வாசகர்னு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துன கதைதான்."

"அப்ப அள்ளிக்கிட்டுப் போகட்டும்னு விட்டுடவா?"

"விடச் சொல்லல" என்றாள் மனைவி. "படிச்சதுக்குக் கூலி வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? எனக்கும் வயிறு இருக்கு. ஆனா கேக்குற விதமா கேக்கணும். உங்க அறிவிப்புக்குக் கீழ பாருங்க. புத்தகம் எங்க கிடைக்கும்னு இத்தனை பேர் கேட்டிருக்காங்க. நீங்க என்ன பதில் போட்டிருக்கீங்க?"

நான் என் பதில்களைப் பார்த்தேன். வரிசையாக, 'திருடர்களோடு பேசுவதில்லை.' மூன்றாவது பதிலில் 'திருடர்களோடு' என்பதற்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி வேறு.

"விக்க உக்காந்தவரு வாங்க வந்தவங்கள விரட்டியிருக்கீங்க" என்றாள். வாயடைத்துப் போனேன். எங்கள் வீட்டில் அது அபூர்வமான காட்சி என்பதால் மூன்று பேரும் கொஞ்ச நேரம் ரசித்தார்கள்.

அதன் பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள். "தம்பி, நிரபராதி ஒருத்தர் ஜெயில்ல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஜாமீன் மனு போடுவோம்."

"போடு, டீச்சருக்கு."

அன்று மத்தியானம் ஆபீஸ் மேசையில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினார்கள். அவள் சொல்லச் சொல்ல அவன் கோர்ட்டு நடையில் மாற்றினான். சிரிப்பில் இரண்டு முறை அவன் கண்ணாடி கீழே விழுந்தது. மாமியார் டீ போட்டுக் கொண்டுவந்து தந்துகொண்டே, "என்னையும் சாட்சியாச் சேருங்க" என்றார். "நீங்க சாட்சி இல்லம்மா, முதல் குற்றவாளி" என்றான் மகன். அவருக்கு அதில் இன்னும் சந்தோஷம். எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள். பழைய அறிவிப்பை நீக்கிவிட்டு, நான் விரட்டிய ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட வேண்டும். பாத்திரம் கழுவுவது எவ்வளவோ மேல்.

மனு இப்படி இருந்தது. 'கனம் வாசகர்கள் சமூகத்துக்கு, நான்காவது மாடிப் பியானோ டீச்சர் சார்பில் தாக்கல் செய்யும் ஜாமீன் மனு. தங்கள் ஃபோனுக்கு வந்து சேர்ந்த நாவலின் கடைசி அத்தியாயம் பொய். அது எங்கள் வீட்டாரை ஏமாற்ற எழுதியது. வீட்டிலிருந்து தப்பித்துத் தங்களையும் ஏமாற்றிவிட்டது. அதை நம்பி, மூட்டுவலிக்கார நிரபராதி ஒருவரைத் தாங்கள் சிறையில் வைத்திருக்கிறீர்கள். ஜாமீன் தொகை தங்கள் மனசாட்சிப்படி. கட்டியதும் நிஜமான கடைசி அத்தியாயம் ஃபோனுக்கு வரும். முழுப் புத்தகமும் வேண்டுவோருக்கு எந்த ஊரானாலும் வீடு தேடி வரும். இப்போது கையில் இல்லாதவர்கள் சொந்த ஜாமீனில் டீச்சரை அழைத்துப் போகலாம். நிபந்தனை ஒன்றுதான், கொலையாளி யார் என்று வெளியே சொல்லக் கூடாது.'

கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். மச்சான் அதைக் குரூப்பிலும் எங்கள் பக்கத்திலும் போட்டான். ஆனால் ஒன்று. இந்த நாவலைத் தன் தளத்தில் வைத்து, காசு வாங்கிக்கொண்டு விற்ற ஒருவனையும் அவன் கண்டுபிடித்திருந்தான். "இவனுக்கு மட்டும் நிஜ நோட்டீஸ் அத்தான். படிக்கிறவங்களுக்கு மனு, விக்கிறவனுக்கு நோட்டீஸ். நீங்களே எழுதுங்க, உங்க பாணியில." ஆஹா! தேக்கி வைத்த கோபத்தையெல்லாம் அதில் கொட்டினேன். கூட்டுக் களவாணியும் அதில் இடம்பெற்றார். அந்த ஆள் மறுநாளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓடிப்போனான்.

முதலில் வந்து நின்றது பைண்டர்தான். "அண்ணே, டீச்சருக்கு ஜாமீன் கட்டிட்டேன். சே, நல்ல மனுஷியப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே! ஊசி கோக்கும்போதெல்லாம் மனசு அடிச்சுக்குது." அவனுக்கு என் கையாலேயே புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் ஃபோன் அலறத் தொடங்கியது. ஒருத்தர் டீச்சரோடு அவருடைய பூனைக்கும் சேர்த்து ஜாமீன் கட்டியிருந்தார். ஒரு அம்மா, 'சொந்த ஜாமீனில் எடுக்கிறேன், சம்பளம் வந்ததும் தொகை கட்டுவேன்' என்று எழுதி, சொன்னபடியே கட்டினார். ஒரு அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து கட்டி, 'டீச்சரை வாசலில் வரவேற்க வந்திருக்கிறோம்' என்று புகைப்படம் அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற ஜட்ஜ் பூங்காவிலிருந்து நேராக எங்கள் ஆபீஸுக்கே வந்தார். "என் சர்வீஸ்ல தப்பான தீர்ப்பே சொன்னதில்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்ம்மா. அந்த டீச்சருக்கு நான் ஆயுள் தண்டனை கொடுத்துட்டேன்" என்று என் மனைவியிடம் கைகூப்பி நின்றார். எங்கள் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எல்லோரும் கட்டினார்களா? இல்லை. பேசாமல் இருந்தவர்கள்தான் அதிகம். ஆனால் கட்டியவர்களே எங்களுக்குத் தாராளம். திரும்பி வந்த பழைய பண்டல்களையும் பிரித்தோம். பல் டாக்டரம்மாவின் முந்தைய நாவல்களைக் கேட்டார்கள். குடோனில் தரை தெரிந்தது. அது பச்சை நிறத் தரை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நிஜமான கொலையாளி யார் என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. சொல்ல மாட்டேன், நானும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவன்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. தையல் மிஷின் மேசையைவிட்டு இறங்கவில்லை. ஒரு நாள் பார்சல் கட்டும்போது, கேட்டும் கேட்காத மாதிரி, "ஒண்ணாந் தேதி வருதே" என்றேன்.

"ஆமா" என்றாள். "நல்ல முடிவுல்ல? இப்படிச் சந்தோஷமா முடிச்சவங்க யாரு இருக்காங்க?"

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துப்பறியும் கதை எழுதுகிறவர்களைக் கட்டிக்கொள்ளக் கூடாது, முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. குடோனுக்குள் போய், டேப் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றேன். காலியான தட்டுகளைப் பார்க்க முதல்முறையாக வருத்தமாக இருந்தது. இவ்வளவு பேர் கேட்கும்போது கொடுக்க இனி ஒன்றும் இருக்காதே.

ஒன்றாம் தேதி காலை. நான் வேண்டுமென்றே எழுந்திருக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதைப் பார்க்கத் தெம்பில்லை. போர்வைக்குள் கிடந்தேன். ஃபோன் மினுங்கியது. பார்த்தால், என் மனைவியிடமிருந்து ஒரு கோப்பு. தலைப்பு: 'வீட்டுப் பிரதி. முதல் அத்தியாயம்.'

அதைத் திறந்தேன். 'பதிப்பாளர் தன்னுடைய குடோனில், பச்சைத் தரையில், வாய் திறந்தபடி செத்துக் கிடந்தார். உயிரோடு இருந்த காலத்திலும் அந்த வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. அவரைக் கொல்ல விரும்பியவர்களின் வரிசை தெருமுனைவரை நீண்டது.'

போர்வையை உதறிவிட்டு ஓடினேன். மேசைமேல் தையல் மிஷின் இல்லை. அது மூலையில் தரையில் கிடந்தது. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் மாமியார் டேப்லெட்டோடு, மூக்குக் கண்ணாடியை மேலேற்றி, சுவாரசியமாக என் சாவைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கொன்னுட்டியா என்னை?" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செத்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் வேறு யாராவது இருக்க முடியுமா?

"ஆஸ்பத்திரிக்குப் போன வாரமே வரலைன்னு சொல்லிட்டேன்" என்றாள், திரும்பாமலே. "உங்க மூஞ்சியப் பாக்கணும்னுதான் சொல்லல."

"யாரு என்னைக் கொல்றது?"

"வீட்டுப் பிரதியில அம்மாதான்."

"பூவாளியால அடிச்சே கொல்றேன் மாப்பிள்ளை" என்றார் மாமியார் மலர்ச்சியோடு. "ஆனா இத இந்தத் தடவ யாருக்கும் அனுப்ப மாட்டேன். ஜட்ஜுக்கு மட்டும்தான்."

"அனுப்புங்கம்மா" என்றாள் மகள். "பொய்னு மட்டும் சொல்லிடாதீங்க."

நான் விடவில்லை. "அப்ப நெசமா என்னைக் கொன்னது யாரு?"

அவள் எழுதுவதை நிறுத்தினாள். அந்தச் சிரிப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"புத்தகம் வரட்டும்ங்க. காசு கொடுத்து வாங்கிப் படிங்க."